அட்வான்ஸ் என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வகைப் பணம்: வாடகை வீட்டில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியவை

எமது மஹல்லாப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து எங்களிடம் வரும் பிணக்குகளில் ஒரு வகை மட்டும் குறைவதாக இல்லை. அது வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றியது. வீட்டைக் காலி செய்து மாதங்கள் கடந்தும் வீட்டுக்காரர் பணத்தைத் தருகிறார் இல்லை என்று ஒரு தரப்பு சொல்லும். அந்தப் பணம் எப்போதோ வாடகையில் கழிந்துவிட்டது, வீட்டையும் பாழாக்கிவிட்டுத்தான் போனார்கள் என்று மறு தரப்பு சொல்லும். பெரும்பாலும் இரு தரப்பாரும் எம்மவர்களே. ஒரே ஸப்பில் நின்று தொழுபவர்களே. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை என்றே பல வேளைகளில் எனக்குத் தோன்றியிருக்கிறது. பணம் கைமாறிய அன்று, அது என்ன பணம் என்பதை இருவரும் இரண்டு விதமாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்து தெஹிவளையிலும் மாளிகாவத்தையிலும் கொலன்னாவையிலும் மாபோலையிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு அட்வான்ஸாகக் கொடுத்த தொகைதான் வாழ்நாள் சேமிப்பு. சிலர் தாலியையும் வளையலையும் அடகு வைத்து அதனைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பணம் எவ்வாறு காப்பாற்றப்படுகிறது, எவ்வாறு கைநழுவிப் போகிறது என்பதை எளிமையாக எழுத நினைத்தேன். நான் சட்டத்தரணி அல்லன். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு சொல், நான்கு பணம்

எமது பேச்சு வழக்கில் 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல் நான்கு வேறுபட்ட பணங்களைக் குறிக்கிறது.

முதலாவது, கழிபடும் முற்பணம். இது முன்கூட்டியே கொடுக்கப்படும் வாடகை. மாதாமாதம் கழிந்து முடிந்துவிடும். வெளியேறும்போது திரும்பி வராது. இரண்டாவது, திருப்பித் தர வேண்டிய வைப்புப் பணம். வாடகையை ஒழுங்காகக் கட்டி, வீட்டைச் சேதமின்றி ஒப்படைத்தால் முழுமையாகத் திரும்பி வர வேண்டிய பணம் இதுவே. மூன்றாவது, கீ மணி. கடைகளுக்கே இது வழமை என்றாலும் சில வீடுகளுக்கும் கேட்கிறார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான். நான்காவது, தரகருக்குக் கொடுக்கும் தரகுப் பணம். இதனை அட்வான்ஸிலிருந்தே எடுத்துக்கொள்ளும் தரகர்களும் இருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மாத வாடகை 45,000 ரூபா. ஆறு மாத அட்வான்ஸ் என்று 270,000 ரூபா கொடுக்கப்படுகிறது. அது கழிபடும் முற்பணம் என்றால் ஒரு வருடத்தில் குடும்பம் செலுத்தும் மொத்தத் தொகை 540,000 ரூபா. வெளியேறும்போது கையில் எதுவும் வராது. அது வைப்புப் பணம் என்றால் மாதாமாதம் 45,000 கட்டி, 540,000 ரூபா வாடகையும் செலுத்தி, முடிவில் 270,000 ரூபாவை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும். 'ஆறு மாத அட்வான்ஸ்' என்று மாத்திரம் சொன்னால் இந்த இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. பிணக்கு அந்த இடத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

இவற்றைத் தவிர 'லீஸ் வீடு' என்ற ஒன்றும் பரவி வருகிறது. பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடங்கள் வாடகையின்றி இருந்து, முடிவில் தொகையை அப்படியே திரும்பப் பெறுவது. கடன் கொடுத்து அதற்குப் பகரமாகப் பலன் அனுபவிப்பதாக இது ஆகுமா என்ற மார்க்கக் கேள்வி இதில் உண்டு. அதனை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். உலக ரீதியாகப் பார்த்தாலும், மிகப் பெரிய தொகை மிகக் குறைந்த பாதுகாப்போடு கைமாறுவது இந்த முறையில்தான். கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் வேறெங்கோ முடக்கிவிட்டால், தவணை முடியும் நாளில் அவரிடம் தருவதற்கு எதுவும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

'மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க முடியாதாமே' என்று சிலர் கேட்கிறார்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் அவ்வாறான வரையறை இருப்பது உண்மை. ஆனால் 1980 இலும் 2002 இலும் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் பெருமளவு வீடுகளை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டன. இன்று புதிதாக வாடகைக்குப் போகும் ஒருவர் தன் வீடு அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான எழுத்தே உங்களது பாதுகாப்பு.

அந்த எழுத்தும் முறைப்படி அமைய வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும். வெற்றுக் கடதாசியில் இரண்டு வருட ஒப்பந்தம் எழுதி, சமாதான நீதவானிடம் கையொப்பமும் முத்திரையும் பெற்று வைத்திருப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். அந்த முத்திரை அதனை நொத்தாரிசு உறுதியாக ஆக்கிவிடாது. இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஒரு மாத அறிவித்தலோடு வெளியேற்றக்கூடிய மாத வாடகையாளர் மாத்திரமே.

நொத்தாரிசிடம் எழுதுவதில் வேறு நன்மைகளும் உண்டு. காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட குத்தகை, இடையில் வீடு விற்கப்பட்டால் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணமாகப் பதியப்பட்ட குத்தகை உறுதி கேட்கப்படுவதையும் பெற்றோர் அறிவர். உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டால், வாசித்து விளக்குமாறு கேட்கத் தயங்க வேண்டாம். அது நொத்தாரிசின் கடமை.

நொத்தாரிசுச் செலவு கட்டுப்படியாகாது என்போர் ஒன்றையாவது செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நின்றுவிடாமல், பணத்துக்கு மட்டும் தனியாக ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் இவ்வாறு எழுதினால் போதும்:

"இன்ன இலக்க வீட்டை வாடகைக்குக் கொடுத்த வகையில், இன்னாரிடமிருந்து திருப்பித் தர வேண்டிய வைப்புப் பணமாக ரூபா 270,000 பெற்றுக்கொண்டேன். இது மாத வாடகையில் கழிபடாது. வீடு ஒப்படைக்கப்படும் நாளில், செலுத்தப்படாத வாடகையும் மின், நீர்ப் பட்டியல்களும் வழமையான தேய்மானத்துக்கு அப்பாற்பட்ட சேதமும் தவிர்ந்த மீதியைத் திருப்பித் தருவேன்."

திகதி, இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், இரண்டு சாட்சிகள். இவ்வளவுதான். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி ஊடாக அனுப்பினால் இன்னும் நல்லது. கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் கட்டளையிடும் ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அப்படியிருக்க, எழுதச் சொல்வது நம்பிக்கையில்லாத் தன்மை என்று எம்மவர்கள் நினைப்பதுதான் எனக்கு விளங்காத ஒன்று.

யாரிடம் கொடுக்கிறீர்கள்?

பணம் கொடுக்கும் முன் வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை உறுதிப்படுத்துங்கள். உறுதியின் பிரதி, மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டு, மின் பட்டியல் ஆகியவற்றில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில், அவரது சகோதரர்தான் பொறுப்பு என்றால் அற்றோர்ணித் தத்துவப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கனவே வாடகைக்கு இருப்பவர் உங்களுக்கு மேல் வாடகைக்குத் தருகிறார் என்றால், உரிமையாளரின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வீடு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

நகர அபிவிருத்தி அதிகார சபை மீள்குடியேற்றத்துக்காகக் கட்டிய தொடர்மாடி வீடுகள் விடயத்தில் விசேட கவனம் தேவை. வாடகை குறைவு என்பதால் எம்மவர்கள் பலர் அவற்றை நாடுகிறார்கள். ஒதுக்கீடு பெற்றவர்கள் அவ்வீடுகளை மற்றவருக்கு வாடகைக்குக் கொடுக்க அனுமதியில்லை. அதிகாரிகள் வந்து கேட்டால் வெளியேற வேண்டியவர் நீங்கள். உங்கள் அட்வான்ஸுக்குப் பதில் சொல்ல அங்கே எவரும் இருக்க மாட்டார்கள்.

தனியார் தொடர்மாடிகளில் பராமரிப்புக் கட்டணம் யாருடைய பொறுப்பு, எவ்வளவு, இதுவரை நிலுவை இருக்கிறதா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத வாடகைக்கு மேலாக வரும் இந்தத் தொகை பலருக்கு முதலாவது பட்டியல் வரும்போதுதான் தெரியவருகிறது.

இன்னுமொரு விடயம். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். மனைவிதான் வீடு பார்த்து, பணம் கொடுத்து, குடியிருப்பவர். ஒப்பந்தம் கணவரின் பெயரில் மட்டும் இருக்கும். மவுத்தோ தலாக்கோ நிகழ்ந்தால் அந்த அட்வான்ஸ் யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. இருவரின் பெயரையும் சேர்த்து எழுதுவது பிற்காலத்தில் ஒரு பெண்ணைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றும்.

நுழையும் நாளும் வெளியேறும் நாளும்

சாவியைப் பெறும் நாளில் ஒவ்வோர் அறையையும் தொலைபேசியில் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவரின் ஈரக் கசிவு, உடைந்த தரை ஓடு, தண்ணீர் ஒழுகும் குழாய், குளியலறைக் கதவு எல்லாம் அதில் இருக்கட்டும். மின்மானியினதும் நீர்மானியினதும் இலக்கத்தையும் படம் எடுங்கள். முன்னைய குடியிருப்பாளரின் நிலுவையை நீங்கள் கட்ட வேண்டிய நிலை வராமல் இருக்க இதுவே சான்று. வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டோ வங்கிப் பதிவோ இருக்க வேண்டும்.

வழமையான தேய்மானம் வாடகையாளரின் கணக்கில் சேராது. நான்கு வருடம் இருந்த வீட்டில் சுவர் நிறம் மங்குவது சேதம் அல்ல. கதவை உடைத்தால் அது சேதம். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடித்த செலவை அட்வான்ஸில் கழிப்பதாக இருந்தால், அது ஒப்பந்தத்தில் முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெளியேறுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னராவது எழுத்தில் அறிவியுங்கள். கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கட்டாமல் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது எமது மத்தியில் ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் அதில் தவறில்லை. சம்மதிக்காவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகி, உங்கள் கோரிக்கையே பலவீனமாகிவிடும்.

'அட்வான்ஸைத் தரும் வரை வீட்டைக் காலி செய்ய மாட்டேன்' என்ற பழைய உபாயமும் இப்போது ஆபத்தானது. குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீளப் பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், தவணை முடிந்த வீட்டை மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாக முன்னரை விட விரைவாக மீட்டுக்கொள்ள வீட்டுக்காரருக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே சாவியும் பணமும் ஒரே நாளில், ஒரே மேசையில், சாட்சிகள் முன்னிலையில் கைமாற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் சிறந்த வழி.

மறுபுறம், வீட்டுக்காரர் சட்டத்தைத் தன் கையில் எடுக்கவும் முடியாது. நீங்கள் வெளியே போன நேரத்தில் பூட்டை மாற்றுவது, பொருட்களைத் தெருவில் போடுவது போன்றவை நடந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் நீதிமன்றம் சென்றால் உடைமையை மீளப் பெற வாய்ப்புண்டு. அந்த இரண்டு மாதத்தைச் சமரசப் பேச்சிலேயே கழித்துவிட வேண்டாம்.

பணம் வராவிட்டால்

முதலில், தொகையையும் காரணத்தையும் குறிப்பிட்டு, 14 நாள் தவணை கொடுத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகம் தலையிட்டு இணக்கம் கண்டால், அதனையும் திகதியோடு எழுதிக் கையொப்பம் பெறுங்கள். எமது பேச்சுவார்த்தை எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதை நிர்வாகிகளாகிய நாமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. செலவும் மிகக் குறைவு. குறித்த ஒரு தொகைக்குட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் போகும் முன் இங்கேயே வர வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள். அதனோடு வழக்குத் தொடரலாம். வருமானம் குறைந்தவர்கள், நீதிமன்ற வளாகங்களில் காரியாலயங்களைக் கொண்டுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அது 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்காகவே அமைக்கப்பட்டது.

காலக்கெடுவை மறந்துவிடக் கூடாது. எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீதான கோரிக்கைக்கு ஆறு வருடங்கள். வெறும் வாய்ப் பேச்சுக்கு மூன்று வருடங்கள். 'ஹஜ்ஜுக்குப் பிறகு தருகிறேன், வீட்டை விற்றதும் தருகிறேன்' என்று மூன்று வருடங்கள் ஓடிவிட்டால் உங்கள் உரிமை காலாவதியாகிவிடும்.

வாடகைக்கு உதவி கிடைக்குமா?

வெளிப்படையாகச் சொன்னால், வாடகைக்கு இருப்பவரின் வாடகையை மாதாமாதம் ஏற்கும் பொதுவான அரச திட்டம் எமது நாட்டில் இல்லை. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் கடன்கள் பெரும்பாலும் காணி உள்ளவர்களுக்கே பயன்படுகின்றன. 2023 இல் ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும கொடுப்பனவு வாடகைக்கென்று தரப்படுவதல்ல. எனினும் அதற்கான மதிப்பீட்டில் குடும்பத்தின் வீட்டு நிலையும் சொத்துக்களும் கவனிக்கப்படுகின்றன. கணக்கெடுக்க வருபவரிடம் நீங்கள் இருப்பது வாடகை வீடு என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒப்பந்தத்தையோ பற்றுச்சீட்டையோ காட்டுங்கள். நல்ல வீட்டில் குடியிருக்கிறார்கள் என்ற தோற்றமே ஓர் ஏழைக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடக் கூடாது.

எந்த உதவிக்கும் வாசல் கிராம உத்தியோகத்தரின் பதிவுதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அவ்வாறான வேளைகளில் பதிவில்லாத வாடகைக் குடும்பம் தான் அங்கே இருந்ததையே நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வாடகைக்காரர் அந்த முகவரியில் பதிந்தால் வீடு கைமாறிவிடும் என்று அஞ்சி சில வீட்டுக்காரர்கள் தடுக்கிறார்கள். இந்தப் பயம் அடிப்படையற்றது. வழமையாக வசிக்கும் முகவரியில் வாக்காளராகப் பதிவது குடிமகனின் உரிமை. அப்பதிவு எவருக்கும் வீட்டின் உரித்தைக் கொடுக்காது.

மஹல்லா செய்யக்கூடியது

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளும் கடன்பட்டோரும் அடங்குவர். வாடகை நிலுவையில் சிக்கியவர் அந்த வகையில் விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் மாதாமாதம் வாடகை கொடுத்து உதவுவது முடிவில்லாத ஒன்று; எந்த மஹல்லாவும் அதனை நீண்ட காலம் தாங்காது.

பல குடும்பங்களுக்கு மாத வாடகையைக் கட்டும் சக்தி இருக்கிறது. இல்லாதது ஆரம்பத்தில் ஒரே தடவையில் கேட்கப்படும் பெரிய தொகைதான். ஆகவே ஸதகா, நன்கொடைப் பணத்தில் 'வைப்புப் பண நிதி' ஒன்றை ஒவ்வொரு மஹல்லாவும் ஆரம்பிக்கலாம் என்பது எனது யோசனை. நிதி நேரடியாக வீட்டுக்காரருக்குக் கர்ழ் ஹஸனாகப் பணத்தைக் கொடுக்கும். வாடகையாளர் வெளியேறும்போது பணம் நிதிக்கே திரும்பி வரும் என்று மூவரும் கையொப்பமிடுவார்கள். அதே பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஸகாத் பணத்தை இவ்வாறு கடனாகச் சுழற்றலாமா என்பதில் மார்க்க ரீதியான கேள்வி இருப்பதால், அதனைத் தனிக் கணக்கில் வைப்பதே பாதுகாப்பானது.

வீட்டு உரிமையாளர்களான சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. வைப்புப் பணம் உங்கள் வருமானம் அல்ல, அது அமானிதம். அதனை எடுத்துக் கடைக்குச் சரக்குப் போட்டுவிட்டு, காலி செய்யும் நாளில் அடுத்த வாடகைக்காரர் வரும் வரை பொறுக்கச் சொல்வது, புதிய வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்தை இரண்டு வீடுகளுக்கும் நடுவே நிறுத்திவிடுவதாகும். தனியான கணக்கொன்றில் அதனைப் போட்டு வைத்தால் உங்களுக்கும் நிம்மதி.

அடுத்த முறை ஒருவர் 'ஆறு மாத அட்வான்ஸ்' என்று சொன்னால், வாடகையாளரும் வீட்டுக்காரரும் தரகரும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இது கழியும் பணமா, திரும்பும் பணமா? அந்தப் பதிலை அன்றே ஒரு தாளில் எழுதிவிட்டால், பள்ளிவாசலுக்கு வரும் பிணக்குகளில் பாதி வராமலே போய்விடும், இன்ஷா அல்லாஹ்.